இறுக்கினால் உடையும் கண்ணாடிக் கோபுரம்!
தாங்கி நிற்கும் இரும்புக் குழாய்களின் ரகசியம்

குருவிகுளம்,-

"நல்லா முறுக்குடே! ஆடாம நிக்கணும்!"

சங்கரன்கோவில் ஆடித்தபசுக்குப் பந்தல் போட்டாலும் சரி, வீடு கட்டச் சாரம் போட்டாலும் சரி, இந்தக் குரல் கேட்கும். இரும்புக் குழாய், கிளாம்ப், ஸ்பேனர். முறுக்க முறுக்கப் பலம்!

அதே குழாய் ரசாயன ஆலையில் கண்ணாடிச் சாதனத்தைத் தாங்கும்போது சங்கதியே வேறு. ஒரு முறுக்கு கூடினால் கண்ணாடி வெடிக்கும். உள்ளே இருப்பதோ கொதிக்கும் ஆசிட்! தென்காசி மாவட்டம் குருவிகுளம் வட்டாரத்தில் வெல்டர், பிட்டர் தொழில் படித்துவிட்டு ஆலை வேலைக்குப் புறப்படும் இளைஞர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் கண்ணாடி?

ஹைட்ரோகுளோரிக் ஆசிட், புரோமின் போன்றவை இரும்பை அரித்துத் தின்றுவிடும். 'போரோசிலிகேட்' கண்ணாடியிடம் அவற்றின் வாலாட்டம் பலிக்காது. 1915-ல் அமெரிக்காவின் கார்னிங் கம்பெனி 'பைரெக்ஸ்' என்று விற்றது இந்த ரகம்தான். மருந்து, ரசாயன ஆலைகளில் மாடி உயரத்துக்கு இந்தக் கண்ணாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. குஜராத் மாநிலம் வதோதராவில் இவற்றைச் செய்யும் கம்பெனிகள் உண்டு.

பலமும் பலவீனமும்

அமுக்கினால் கண்ணாடி தாங்கும். இழுத்தாலும் வளைத்தாலும் தாங்காது. என்ஜினீயர்கள் போடும் கணக்கில் அமுக்கத்துக்கு 100 என்றால், இழுப்புக்கு வெறும் 7 தான்!

200 லிட்டர் கண்ணாடிக் குடுவையில் கெட்டி சல்பூரிக் ஆசிட் நிரம்பினால் எடை 360 கிலோவைத் தாண்டும். அவ்வளவையும் சுமப்பது சுற்றி நிற்கும் குழாய்ச் சட்டம்தான். அதனால் சட்டம் அசையவே கூடாது. அதன் கிளாம்புகளை இறுக்கித்தான் ஆக வேண்டும். கண்ணாடியைத் தொடும் இடத்தில்தான் நிதானம் தேவை.

ஒன்றரை மில்லி மீட்டர்!

5 மீட்டர் கோபுரம் 100 டிகிரி சூடு ஏறினால் ஒன்றரை மில்லி மீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும். பக்கத்தில் நிற்கும் சட்டமோ சூடேறாமல் அப்படியே இருக்கும். மேலும் கீழும் இறுக்கிப் பிடித்தால் கண்ணாடி எங்கே போகும்? விரிசல்தான்!

ஆகவே கோபுரத்தின் பாரம் அடியில் ஒரே இடத்தில் உட்காரும். மேலே உள்ள வளையங்கள் பக்கவாட்டில் சாயாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மேலே எழும்ப வழி விட்டிருக்கும். பக்கத்துக் குழாய்கள் இழுக்காமலும், பம்பின் அதிர்வு ஏறாமலும் இருக்க, நடுவில் டெப்லான் மடிப்புக் குழாய் பொருத்துவார்கள். கனத்த வால்வுகளுக்குத் தனித்தாங்கல் உண்டு.

கவனிக்க வேண்டியவை

கண்ணாடி இணைப்பு போல்ட்டுகளை அளவுகாட்டும் ஸ்பேனரால், சுற்றிச் சுற்றிச் சமமாக முடுக்க வேண்டும். கைப்பலத்தைக் காட்டும் இடம் அதுவல்ல. சட்டத்தில் ஏறி நிற்பதும், செயின் புல்லி மாட்டுவதும் கூடவே கூடாது. விளிம்பில் சின்னக் கீறல் தெரிந்தாலும் உடனே சொல்லிவிட வேண்டும்.

பந்தல் சாய்ந்தால் மறுபடி கட்டலாம். ஆசிட் தெறித்த கண் திரும்பி வருமா?

"கொஞ்சம் விட்டுப் பிடிடே!" அந்த ஆலையில் அனுபவசாலி சொல்ல வேண்டிய வார்த்தை இதுதான்!