வெப் சர்வருக்கும் டேட்டாபேஸுக்கும் நடுவே ஒரே ஒரு கதவு

எங்க ஊர் இனயத்திலிருந்து கிழக்கே போய், கன்னியாகுமரியைத் தாண்டினால் கூடங்குளம் அணுமின் நிலையம். 2019 அக்டோபர் 29 அன்று, அங்கே சைபர் தாக்குதலுக்கு வாய்ப்பே இல்லை என்றார்கள். மறுநாளே இந்திய அணுமின் கழகம், தன் கணினி ஒன்றில் மால்வேர் இருந்தது உண்மைதான் என்றது. செப்டம்பர் 4-ஆம் தேதியே செர்ட்-இன் அதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறது. மாட்டியது இணையத்தோடு இணைந்த நிர்வாகப் பிரிவு கம்ப்யூட்டர். முக்கியமான உள் நெட்வொர்க் தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் ஆலைக்குப் பாதிப்பில்லை என்பது அவர்கள் விளக்கம். காப்பாற்றியது அந்தப் பிரிவினைதான்.

நம்ம மாதிரி ஆட்களுக்கு முழுசா பிரிக்க வழியில்லை. வெளியே நிற்கிற வெப் சர்வருக்கு உள்ளே இருக்கிற தரவு வேணும். அப்போ ஒரே ஒரு கதவு மட்டும் வைக்கணும். போஸ்ட்கிரெஸ், ரெட்ஹாட் வகை லினக்ஸில் அப்பாச்சி என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

முதலில் ஃபயர்வால். வெப் சர்வரின் ஐபியிலிருந்து டேட்டாபேஸின் 5432 போர்ட்டுக்கு மட்டும் அனுமதி.

அடுத்து போஸ்ட்கிரெஸ். இயல்பாக அது தன் மெஷினுக்குள் வரும் அழைப்பை மட்டுமே கேட்கும். எந்த முகவரியில் கேட்கணும் என்பதை மாற்றினால் ரீஸ்டார்ட் செய்தே ஆகணும், ரீலோட் போதாது. பிஜி_ஹெச்பிஏ கோப்பில் அந்த ஒரு ஐபி, ஒரு டேட்டாபேஸ், ஒரு யூசர், எஸ்எஸ்எல் கட்டாயம் என்று ஒரு வரி. இதற்கு ரீலோட் போதும். அந்த யூசருக்குத் தேவையான டேபிள்களில் தேவையான உரிமை மட்டும். வெப் சர்வர் திருடன் கைக்குப் போனால் அவன் வருவதும் இதே கதவு வழியாத்தான்.

இணைப்பு வரலையா? பிழைச் செய்தியைப் படிங்க. 'டைம்டு அவுட்' என்றால் பெரும்பாலும் வழியில் ஃபயர்வால் விழுங்குகிறது. 'ரெஃப்யூஸ்டு' என்றால் அநேகமாக மெஷின் வரை போயாச்சு, அந்த போர்ட்டில் கேட்க ஆளில்லை. ஹெச்பிஏ-வில் வரி இல்லை என்று வந்தால் டேட்டாபேஸையே தொட்டாச்சு.

ஷெல்லில் இருந்து இணைகிறது, வெப் அப்ளிகேஷனில் மட்டும் 'பெர்மிஷன் டினைடு' என்றால் எஸ்இலினக்ஸைப் பாருங்க. அப்பாச்சி வெளி டேட்டாபேஸோடு பேச அது இயல்பாக விடாது. உடனே எஸ்இலினக்ஸையே அணைக்கச் சொல்லுவாங்க. அது வாசலைப் பூட்டிவிட்டு புறவாசலைத் திறந்துபோட்ட கதை. 'ஹெச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்_டிபி' என்ற ஒரு சுவிட்சை மட்டும் ஆன் செய்தால் போதும். பி ஆப்ஷனோடு போட்டால் ரீபூட்டுக்குப் பிறகும் நிலைக்கும். பெயரில் கடைசி 'டிபி' இல்லாத இன்னொரு சுவிட்ச் உண்டு. அது எல்லா போர்ட்டையும் திறந்துவிடும், அதைத் தொடாதீங்க.

இணைப்பு கிடைச்சதும் எழுந்துடாதீங்க. வெப் சர்வருக்குப் பக்கத்தில் இருக்கிற வேறொரு மெஷினில் இருந்து அதே 5432-ஐத் தட்டிப் பாருங்க. அங்கே திறக்காமல் இருந்தால்தான் வேலை முடிஞ்சது.