சுண்ணாம்பு நீரில் வெந்த சோளம்

மெக்சிகோ மக்களின் அன்றாட உணவு ‘டோர்ட்டியா’ என்னும் மக்காச்சோள ரொட்டி. அதைச் செய்ய, அவர்கள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, இரவு முழுவதும் ஊறவிடுவார்கள். மறுநாள் கழுவி அரைத்தால் பதமான மாவு கிடைக்கும்.

சுவைக்காக மட்டும் அவர்கள் இவ்வாறு செய்வதில்லை. மக்காச்சோளத்திலுள்ள ‘நியாசின்’ என்னும் உயிர்ச்சத்து, சுண்ணாம்பு நீரில் வெந்த பிறகே உடலுக்கு நன்கு பயன்படுகிறது. ஐரோப்பியர்கள் மக்காச்சோளத்தைத் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். சமைக்கும் முறையைக் கொண்டு செல்லவில்லை. அதனால், 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகள் பலர் ‘பெலாக்ரா’ என்னும் நோய்க்கு ஆளாயினர்.

வீட்டில் டோர்ட்டியா செய்ய விரும்பினால், சாதாரணச் சோளமாவு உதவாது. சுண்ணாம்பு நீரில் பக்குவப்படுத்தி அரைத்த ‘மாசா’ மாவை வாங்குங்கள். அதை வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, மெல்லியதாகத் தட்டி, சூடான கல்லில் சுட்டெடுங்கள்.