பெற்றோர் நோயுற்றால் பிள்ளைக்கு யார் துணை?

ஒரு வீட்டில் தாயோ தந்தையோ கடுநோய்வாய்ப்பட்டால், மருத்துவமனையில் அவர் பெயரைப் பதிவு செய்துகொள்கிறார்கள். நோயின் பெயர், மருந்தின் அளவு, மீண்டும் வரவேண்டிய நாள் யாவும் அந்தச் சீட்டில் ஏறிவிடுகின்றன. அவ்வீட்டில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று இருக்குமாயின், அதன் பெயர் அங்கே எழுதப்படுவதில்லை. அதற்கு நோய் இல்லையன்றோ? ஆயினும் அந்த நோய் அப்பிள்ளையின் உறக்கத்தையும் உணவையும் படிப்பையும் தொட்டுவிடுகிறது. அதன் அடையாளம் முதலில் தென்படும் இடம் பெரும்பாலும் பள்ளியின் வருகைப் பதிவேடுதான். அந்தப் பதிவேட்டோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பழகியவன் நான். இத்தகைய பிள்ளைகளுக்குத் துணை நிற்போர் யாவர், அவர்களுடைய பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என் தவறு ஒன்றை முதலிற் சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், என் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாள்களிலும் வருவதில்லை. வாரந்தோறும் இப்படியே நடந்தது. பெற்றோரை அழைத்து வரச் சொன்னேன், ஒருவரும் வரவில்லை. வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். பிறகு அவள் அறவே வராமற்போகவே, விதிப்படி அவள் பெயரை நீக்கினேன். சில மாதங்கள் கழித்தே செய்தி தெரிந்தது. அவளுடைய தாய்க்குச் சிறுநீரகம் செயலிழந்து, வாரம் இருமுறை இரத்தச் சுத்திகரிப்புக்காகச் சென்னைக்குப் போய்வர வேண்டியிருந்தது. தந்தை துணைக்குச் செல்வார். மூன்று வயதுத் தம்பியை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் இருந்திருக்கிறாள். ஆளனுப்பி அழைத்தேன், அவள் பள்ளிக்குத் திரும்பவில்லை. அவளாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று என்னை நானே தேற்றிக்கொண்டதுண்டு. எண்ணிப் பார்த்தால், நான் அவளிடம் விளக்கம் கேட்டேனே அன்றி, வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்கவில்லை. இரண்டும் ஒன்றல்ல.

இது நிகழ்ந்தது ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க் கார்த் தொழிற்சாலை 1998இல் உற்பத்தியைத் தொடங்கிற்று. ஒரகடத்தில் 2010இல் ரெனோ நிசான் தொழிற்சாலை திறக்கப்பட்டது. இவற்றைச் சுற்றி உதிரிப் பாகங்கள் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. ஏரியும் வயலுமாக இருந்த ஊர்களில் வரிசை வரிசையாக வாடகை வீடுகள் தோன்றின. அவற்றில் குடியிருப்போர் பலர் தென் மாவட்டங்களிலிருந்தும், வட தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள். பழைய கிராமத்தில் தாய் படுத்துவிட்டால் பாட்டி இருப்பாள், அத்தை இருப்பாள். பிள்ளைக்கு எங்கேனும் ஒரு கவளம் சோறு கிடைத்துவிடும். இங்கே கணவன், மனைவி, பிள்ளை என மூவரே. கணவனுக்கு ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. மனைவி நோயுற்றால், இரவு பத்து மணிக்குக் கம்பெனிப் பேருந்து அவனை ஏற்றிச் சென்ற பிறகு, அந்த வீட்டிற்குப் பொறுப்பாளர் அந்தப் பத்து வயதுப் பிள்ளையே.

நோயாளி வீட்டிலிருந்தே மருத்துவம் பெறுவது இன்று இயல்பாகிவிட்டது. ஒரு காலத்தில் அப்படி இல்லை. ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகத் தாம்பரம் சென்றால் சானட்டோரியம் என்றே பெயர் பெற்ற பகுதியைக் காணலாம். அங்கே 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கு ஒரு நிலையம் அமைத்தார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது. காசநோய் கண்ட தாய் அந்நாளில் பிள்ளையை விட்டுப் பல மாதங்கள் இத்தகைய நிலையங்களில் இருக்க நேர்ந்தது. 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் நிறுவப்பட்டது. அங்கு ஏறத்தாழ 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மறு பிரிவினருக்குச் சானட்டோரியத்திலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். முடிவு 1959இல் வெளியாயிற்று. நல்ல உணவும் ஓய்வும் பெற்றுச் சானட்டோரியத்தில் இருந்தவருக்கும், நெருக்கடியான ஏழை வீட்டில் இருந்தவருக்கும், குணமடைவதிற் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. உடனிருந்த குடும்பத்தாருக்கு நோய் மிகுதியாகத் தொற்றவுமில்லை. உலகமெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றிய ஆய்வு அது. ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு அது தாயைத் திருப்பித் தந்தது என்றும் கூறலாம். ஆய்வறிக்கையில் இவ்வாறு எழுதியிருக்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்த நோயாளியோடு நோயின் சுமையும் வந்தது. அச்சுமையைப் பகிர்ந்துகொள்ள ஆள் வேண்டும். 1993இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலிநீக்கத்துக்கும் ஆதரவுச் சிகிச்சைக்கும் ஒரு சிறு மருத்துவ நிலையம் தொடங்கினர். அதிலிருந்து கேரளமெங்கும் தொண்டர் குழுக்கள் தோன்றின. தொண்டர்கள் நோயாளியின் வீட்டுக்குச் செல்வார்கள். புண்ணைக் கழுவி மருந்திடுவதோடு, அடுப்பு எரிகிறதா என்றும் பார்ப்பார்கள். பிள்ளையின் புத்தகத்துக்கும் பள்ளிச் செலவுக்கும் ஊரிலே பணம் திரட்டுவார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியரும் தொண்டர்களும் படுக்கையில் இருப்போரை வீடு தேடிச் செல்கின்றனர். கேரளத்தில் தொண்டர் பெரும்பாலும் அண்டைவீட்டார். நமது தொழிற்பகுதியிலோ அண்டைவீட்டாரே சென்ற மாதம் குடிவந்தவராக இருப்பார். ஆகவே செவிலியர் ஒருவரின் கண் பிள்ளையின் மீதும் படுவது இங்கே மிக மிக வேண்டியதாகிறது.

அப்படிக் கண் பட்டபின் செய்வது என்ன? பிள்ளையிடம் உண்மையைச் சொல்வதே முதற் பணி. சிறு குழந்தையிடம் மறைத்துவிட்டால் அதற்குத் துன்பமில்லை என்று பெரியவர்கள் கருதுகின்றனர். உண்மை வேறு. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு நோய் என்பது விளங்காவிடினும், தாயின் கை தன்னைத் தூக்கவில்லை என்பது விளங்கும். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளை தானே ஒரு காரணம் கற்பித்துக்கொள்கிறது. நான் பொய் சொன்னேன், அம்மா அழுதாள், அதனால் நோய் வந்தது என்று எண்ணிக்கொண்டு அதனை ஒருவரிடமும் வெளியிடாது இருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதினர் கேள்வியே கேட்பதில்லை, வேலைகளை எடுத்துக்கொள்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் எளிய சொற்களில் மூன்று செய்திகளைச் சொல்கிறார்கள். நோயின் பெயர் இன்னது, உன்னால் வந்ததன்று, உனக்குச் சோறிட்டுப் பள்ளிக்கு அனுப்பப்போகிறவர் இன்னார். மூன்றாவது செய்தியைச் சொல்லப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். பிள்ளைக்கு முதலில் வேண்டுவது அதுவே. புற்றுநோய் தொட்டால் ஒட்டாது என்பதையும் சொல்லவேண்டும். காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அண்ணா பெயரால் அமைந்த புற்றுநோய் மருத்துவமனைக்குத் தந்தையை அனுப்பிவிட்டு, அவர் குடித்த தம்ளரைத் தொட அஞ்சிய சிறுவனை நான் அறிவேன்.

அடுத்தது வருவாய். தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்திற்கான சட்டம் 1948இல் இயற்றப்பட்டது. அத்திட்டத்தில் நோயுற்ற தொழிலாளிக்கு ஓராண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு கிடைக்கிறது. காசநோய், புற்றுநோய் முதலிய 34 நீண்டகால நோய்களுக்கு 80 விழுக்காடு வீதம், இரண்டாண்டு வரை நீட்டிக்கலாம். ஆனால் நீட்டிப்புக்கு, அதற்கு முன் இரண்டாண்டு தொடர்ந்து காப்பீட்டுக்குரிய வேலையில் இருந்திருத்தல் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் இங்கேதான் இடறுகின்றனர். ஆலை மாறும்போது பழைய காப்பீட்டு எண்ணைக் கொடாமற் புதிய எண் பெற்றுவிட்டால், பழைய கணக்கு கைக்கு எட்டாமற் போய்விடக்கூடும். உங்கள் தந்தையோ அண்ணனோ ஆலைத் தொழிலாளியாயின், அந்த எண்ணை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

பிள்ளைக்கென்றே உள்ள உதவிகளும் சில உண்டு. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம், உயிருக்கு ஆபத்தான நோய்க்கு ஆளான பெற்றோரின் பிள்ளையை நிதி ஆதரவுக்குரியதாகக் குறிப்பிடுகிறது; 2022 முதல் அத்தொகை மாதம் 4,000 ரூபாய். வீட்டிலேயே இருந்து படிப்பதற்கான தொகை அது, விடுதிக்கு அனுப்புவதற்கன்று. எய்ட்ஸ் நோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கெனத் தமிழ்நாடு 2009இல் ஓர் அறக்கட்டளை அமைத்தது. 2025 செப்டம்பர் 15இல் தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டம், பெற்றோரில் ஒருவரை இழந்து மற்றவர் கடுநோயுற்றிருக்கும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மாதம் 2,000 ரூபாய் வழங்க முன்வந்தது. நிதி ஆதரவுக்கான விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போகவேண்டும். மருத்துவச் சான்று, வருமானச் சான்று, பள்ளிச் சான்று எல்லாம் வேண்டும். நோயாளியைக் கவனித்துக்கொண்டு இவற்றைத் திரட்ட எந்தக் குடும்பத்துக்கு நேரமிருக்கிறது? துணைக்கு ஒருவர் போனாலன்றி அத்தொகை காகிதத்திலேயே நின்றுவிடும். நான் ஓய்வு பெற்றபின் அந்தத் துணைக்குத்தான் போய்வருகிறேன். ஓர் அலுவலகத்தில் ஒரு கையொப்பத்துக்கு நான்கு முறை ஏறியிறங்கியதும் உண்டு.

மாணவர்களாகிய நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. அந்த மாணவிக்குப் பிறகு என் பள்ளியில் ஒரு வழக்கம் ஏற்படுத்தினோம். ஒருவர் மூன்று நாள் வராவிட்டால், அதே தெருவிலுள்ள மாணவர் அன்றைய பாடக் குறிப்பை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போகவேண்டும். ஏன் வரவில்லை என்று கேட்கக்கூடாது. குறிப்பைக் கொடுத்துவிட்டுச் சிறிது நேரம் உட்கார்ந்து வரலாம். வீட்டில் யாரேனும் படுத்திருந்தால் வகுப்பாசிரியரிடம் மட்டும் சொல்லவேண்டும், வகுப்பிற் சொல்லலாகாது. அவர் வீட்டுக்குச் சென்று பார்ப்பார். உதவி உடனே தேவைப்பட்டால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைப்பார். நான் ஓய்வு பெறும்வரை, ஆள் ஒருவர் வீட்டுக்குப் போய்வராமல் எந்தப் பெயரையும் பதிவேட்டிலிருந்து நீக்கவில்லை.