முதல் அனுப்புநரைத் தேடல்: வாட்ஸ்அப் மறைகுறியாக்கமும் சென்னை உயர் நீதிமன்ற வழக்கும்

செய்திச் செயலிகளில் பரவும் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் எனக் கண்டறிய இயலுமா என்னும் வினா, தமிழகத்தில் தொடங்கிய வழக்கொன்றில் விரிவாக விவாதிக்கப்பட்டது. அவ்விவாதத்தின் தொழில்நுட்ப அடிப்படைகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

வினா வெற்றிடத்தில் எழுந்ததன்று. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியால் மூதாட்டி ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாண்டே, இணையவழி அவதூறைத் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளுடன் ஆதாரை இணைக்க வேண்டும் எனக் கோரும் மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்திற்கு வந்தன. ஆதார் கோரிக்கை பின்னர் கைவிடப்பட்டது. விசாரணை முதல் அனுப்புநரைக் கண்டறிவதை நோக்கித் திரும்பியது.

வாட்ஸ்அப் 2016 ஏப்ரல் முதல் அனைத்துப் பயனர்க்கும் முனைக்கு முனை மறைகுறியாக்கத்தை வழங்குகிறது. அதன் அடிப்படையான சிக்னல் நெறிமுறையில் ஒவ்வொரு செய்திக்கும் புதிய திறவி உருவாகிறது; பயன்பட்டபின் அழிகிறது. வேடசந்தூர் நண்பர் அனுப்பியதை எரியோட்டில் உள்ள ஒருவர் திண்டுக்கல் உறவினருக்கு முன்னனுப்பினால், இடையிலுள்ள வழங்கிக்கு அவை ஒன்றோடொன்று தொடர்பற்ற இரு மூடிய உறைகளே. யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்னும் மீத்தரவு நிறுவனத்திற்குத் தெரியக்கூடும், உள்ளிருப்பது தெரியாது. ‘பலமுறை முன்னனுப்பப்பட்டது’ என்னும் குறிப்புக்கான எண்ணிக்கையும் உறைக்குள்ளேயே பயணிக்கிறது.

2019இல் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் வி. காமகோடி நீதிமன்றத்தில் இரு வழிகளை முன்வைத்தார். ஒன்று, முதல் அனுப்புநரின் எண்ணைச் செய்தியோடு வெளிப்படையாக இணைத்தல். மற்றொன்று, அவ்வெண்ணை மறைகுறியாக்கி இணைத்து, நீதிமன்ற ஆணை வந்தால் மட்டும் நிறுவனம் தன் திறவியால் திறத்தல். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் இதனை மறுத்தார். திருத்தியமைத்த செயலியால் பொய்யான அடையாளத்தை இணைக்கலாம். குற்றம் புரிபவர் வெளிநாட்டு எண்ணுக்கு மாறலாம். அகப்படுவோர் எளிய பயனரே என்பது அவர் வாதத்தின் சாரம். இம்மறுப்பே வலுவானது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. பிறிதோரிடத்தில் கண்டதைப் படியெடுத்து ஒட்டுபவர் கணினிக் கணக்கில் ‘முதல் அனுப்புநர்’ ஆகிவிடுவார், எழுதியவர் அவரல்லர்.

2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தன்னிடம் மாற்றிக்கொண்டது. 2021 பிப்ரவரி 25 அன்று வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகளின் 4(2)ஆம் விதி, பெரிய செய்திச் சேவைகள் ஆணைக்கிணங்க முதல் அனுப்புநரை அடையாளங்காட்ட வேண்டும் என்றது. வாட்ஸ்அப் அவ்வாண்டு மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்தை நாடியது. விதியில் அதிகம் கவனிக்கப்படாத ஒரு கூறு உண்டு: செய்தி வெளிநாட்டில் தோன்றியிருப்பின், இந்தியாவுக்குள் அதனை முதலில் அனுப்பியவரே முதல் அனுப்புநராகக் கருதப்படுவார். சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியதை எரியோட்டுக் குடும்பக் குழுவில் பகிரும் தந்தைக்கும் இது பொருந்தும்.

விதியைச் செயற்படுத்தும் வழியாகப் பேசப்பட்டது, ஒவ்வொரு செய்திக்கும் ‘ஹாஷ்’ எனப்படும் எண்முறைக் கைரேகையைச் சேமிப்பது. இங்குத் தமிழ் எழுத்துமுறை தனிச்சிக்கல் ஒன்றைத் தருகிறது. ஹாஷ் முறையில் ஒரு புள்ளி மாறினாலும் கைரேகை முற்றிலும் மாறும். ‘கொ’வை ஒருங்குறியில் ஒரே உயிர்க்குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம், கண்ணுக்கு வேறுபாடில்லை. இதனை ஒருங்குறி இயல்பாக்கம் சீர்செய்யும். ஆனால் ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டுக் ‘கெளரவம்’ எனத் தட்டச்சிடும் பரவலான வழக்கத்தை அவ்வியல்பாக்கமும் ஒன்றாக்காது. ஒரே வதந்தி இவ்வாறு பல கைரேகைகளாகச் சிதறும். அதனைத் தவிர்க்கத் தோராய ஒப்பீட்டை நாடினால், வதந்தியை மேற்கோள் காட்டி மறுத்தவரின் செய்தியும் அதே வலையில் விழக்கூடும்.