அயல்நாட்டில் ஒரு வீடு

கடல் கடந்து செல்லக் கருதும் இளைஞருக்குக் கப்பல் கிடைத்துவிடும், விமானமும் கிடைத்துவிடும். போய் இறங்கிய இடத்தில் விடுதியும் வாடகை அறையும் கிடைக்கும். ‘உண்டாயா, உறங்கினாயா’ என்று கேட்கும் ஒரு வீடு கிடைப்பதுதான் அரிது. அத்தகைய வீட்டைப் பற்றியே இம்மாதம் நம் அங்கத்தினருடன் சிறிது உரையாட விரும்புகிறோம்.

நமது வடசென்னைக் கடற்கரை, வந்தோரைக் குடியமர்த்திப் பழகிய நிலம். திருவொற்றியூரை அடுத்த காலாடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை கவர்னராயிருந்த ஜோசப் காலெட் என்பவரின் காலத்தில் நெசவாளருக்காக அமைந்த குடியிருப்பு. காலெட் பேட்டை என்ற பெயரே மக்கள் நாவில் காலாடிப்பேட்டை ஆயிற்று. இராயபுரத்திற்கும் எண்ணூருக்கும் தொழில் நாடி வந்தோர் பல ஊரினர். வருவோரின் வருத்தம் நமக்குத் தெரியும். இன்று நம் இல்லத்துப் பிள்ளைகளே பிறர் இல்லத்துக்கு விருந்தினராய்ச் செல்லும் வாய்ப்புகள் தோன்றியுள்ளன.

பரிமாற்றத் திட்டங்கள்

இளைஞர் பரிமாற்றம் என்பது யாது? ஓர் இளைஞர் சில மாதங்களோ ஒரு பள்ளியாண்டோ அயல்நாட்டுக் குடும்பம் ஒன்றில் அவ்வீட்டுப் பிள்ளைபோல் வாழ்ந்து திரும்புவதாகும். 1932-இல் டொனால்டு வாட் என்னும் அமெரிக்கர் இளைஞர் குழுவொன்றை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். முகாமில் தங்குவதைவிடக் குடும்பங்களில் தங்குவதே ஒரு நாட்டை அறியும் வழி எனக் கண்டு, பின்னர் அம்முறையையே கைக்கொண்டார். இரு உலகப் போர்களிலும் காயமுற்றோரைச் சுமந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரின் அமைப்பான அமெரிக்கன் ஃபீல்ட் சர்வீஸ், 1947-இல் மாணவர் பரிமாற்றத்தைத் தொடங்கிற்று. போரின் கொடுமையைக் கண்ணாரக் கண்டவர்கள், அது மீண்டும் வாராதிருக்க இளைஞர் ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்று கருதினர்.

வேளாண் அன்பர்கள் அறியவேண்டியது மற்றொன்று. 1948-இல் அமெரிக்காவில் பண்ணை இளைஞர் பரிமாற்றம் ஒன்று தொடங்கியது. அதிற் சென்றவர்கள் உழவர் வீட்டில் தங்கி, அவ்வீட்டாருடன் வயலில் வேலை செய்து, அவர்கள் உண்டதை உண்டனர். ரோட்டரி சங்கங்களும் நெடுங்காலமாக மாணவரை இவ்வாறு அனுப்பி வருகின்றன. 2002-இல் உருவான கென்னடி–லூகர் திட்டத்தில் உபகாரச் சம்பளம் பெற்று இந்திய மாணவரும் சென்று வந்துள்ளனர்.

இத்திட்டங்களிற் பெரும்பாலானவற்றில் விருந்தேற்கும் குடும்பம் பணம் பெறுவதில்லை. ஒருவர் பிள்ளையை இன்னொருவர் பேணுவதும், அவர் பிள்ளையை வேறொருவர் பேணுவதுமே கைம்மாறு. எல்லோரும் ஒருவருக்காக, ஒருவர் எல்லோருக்காக என்னும் நம் கூட்டுறவு நெறிக்கு இது அயலானதன்று.

துறைமுகக் குமாஸ்தா பெற்ற வீடு

இத்திட்டங்கள் தோன்றுமுன்பே நம் துறைமுகத்திலிருந்து சென்று, ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் விருந்தினராய்த் தங்கியவர் ஒருவர் உண்டு. கணிதமேதை சீனிவாச இராமானுஜனையே குறிப்பிடுகிறோம். 1912-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அவர் சென்னைப் போர்ட் டிரஸ்டின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய் சம்பளத்திற் குமாஸ்தாவாய் அமர்ந்தார். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஹார்டி அழைத்தபோதிலும், கடல் கடப்பது ஆசாரத்திற்கு விரோதம் என்னும் தடை குறுக்கே நின்றது.

1914-இன் தொடக்கத்தில் நெவில் என்னும் இளம் கணித ஆசிரியர் சென்னைக்குச் சொற்பொழிவாற்ற வந்தார். ‘என் ஆங்கிலம் போதுமா? பரீட்சை எழுதச் சொல்வார்களா? மரக்கறி உணவுக்கு இடையூறு நேருமா?’ என்னும் ஐயங்களையெல்லாம் அவர் ஒவ்வொன்றாய்த் தீர்த்தார். சர்வகலாசாலை ஆண்டுக்கு 250 பவுன் உதவித்தொகை வழங்கிற்று. அதில் 50 பவுன் குடும்பத்தின் செலவுக்கென ஒதுக்கப்பட்டது. 1914 மார்ச்சு 17-ஆம் நாள் இராமானுஜன் ‘நெவாசா’ என்னும் கப்பலிற் சென்னையை விட்டுப் புறப்பட்டார்.

ஏப்ரல் 14-இல் லண்டனில் இறங்கியபோது நெவிலே வரவேற்கக் காத்திருந்தார். சில நாட்களில் கேம்பிரிட்ஜில் செஸ்டர்டன் சாலையிலிருந்த தம் வீட்டிற்கு அவரை அழைத்துச் சென்றார். விருந்தினருக்கு வயது 26, வீட்டுக்காரருக்கு 25, அவரும் அவர் மனைவி ஆலிசும் அண்மையில் மணமானவர்கள். செல்வம் பெருத்த இல்லமன்று. ஆயினும் புது நாட்டில் காலூன்ற ஓர் இடமாக அது பயன்பட்டது. ஏறத்தாழ இரண்டு மாதங்கள் இராமானுஜன் அங்கே தங்கினார்.

ஜூன் மாதத்தில் அவர் டிரினிட்டி கல்லூரி அறைக்குக் குடிபெயர்ந்தார். படிப்புக்கு அது வசதியே. ஆயினும் பின்னர் நேர்ந்த ஒரு சிறு செய்தி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பிற்காலத்தில் புள்ளியியல் அறிஞராய்ப் புகழ்பெற்ற மகலனோபிஸ் அப்போது அங்கே மாணவர். ஒரு நாள் இராமானுஜனின் அறைக்குச் சென்றவர், ‘இரவிற் குளிர் தாங்குகிறதா?’ என்று கேட்டார். மேற்சட்டையை அணிந்து, சால்வையைப் போர்த்துக்கொண்டு உறங்கியும் குளிர்வதாக இராமானுஜன் சொன்னார். படுக்கையைப் பார்த்தபோது கம்பளிகள் மெத்தையின் ஓரங்களில் இறுகச் செருகியவாறே இருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. மகலனோபிஸ் அதைக் காட்டிக் கொடுத்தார்.

கணிதத்தைப் பற்றிப் பேச நாள்தோறும் அறிஞர் இருந்தனர். படுக்கையைப் பற்றிக் கேட்க ஒரு நண்பர் தற்செயலாய் வர வேண்டியிருந்தது. அவ்வாண்டு போர் மூண்டது. உணவுப் பொருள் அருகிற்று. தாமே சமைத்துத் தனியே உண்டு வாழ்ந்தார். 1917-இல் நோயுற்றார், 1919-இல் தாயகம் திரும்பி, 1920 ஏப்ரல் 26-ஆம் நாள் சேத்துப்பட்டில் 32-ஆம் வயதிற் காலமானார். தனிமையே நோய்க்குக் காரணம் என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் கேட்பாரும் சொல்வாருமின்றி ஓர் இளைஞர் அயல்நாட்டில் எதையெல்லாம் மெளனமாய்த் தாங்கிக் கொள்ளக்கூடும் என்பதை இச்செய்தி விளக்குகிறது.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

ஆகவே, பிள்ளையை அனுப்ப எண்ணும் அங்கத்தினருக்கு நாம் கூறுவது இது: வீட்டார் கேட்க வேண்டும், விருந்தினர் சொல்ல வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும் வீடு வெறும் அறையாகிவிடும்.

முதலாவது, உண்பது எது, உண்ணாதது எது என்பதைப் புறப்படுமுன்பே எழுதித் தெரிவித்துவிட வேண்டும். இலையில் வந்தபின் ஒதுக்குவது இரு சாராருக்கும் வருத்தம். இரண்டாவது, அந்நாடுகளில் வீட்டுப் பிள்ளைகளே பாத்திரம் கழுவுவர், படுக்கையை மடிப்பர், குப்பையை வெளியே வைப்பர். தட்டைக் கழுவியறியாத பையனுக்கு, ஆங்கிலப் பாடத்துடன் இப்பாடத்தையும் இங்கேயே கற்பித்தல் நன்று. மூன்றாவது, கைப்பேசி வந்துவிட்டதால் இரவெல்லாம் தாயுடன் பேசலாம். அவ்வாறு பேசினால் உடல் அங்கும் உள்ளம் இங்குமாய் நாட்கள் கழிந்துவிடும். குறித்த நாளில் அளவாய்ப் பேசுவதே நலம்.

நான்காவது மிக முக்கியமானது. எல்லா வீடும் நெவில் வீடாய் அமையும் என்று எண்ணற்க. அனுப்பும் ஸ்தாபனத்தாரிடம் சில கேள்விகளைக் கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும். விருந்தேற்கும் குடும்பத்தை நேரிற் சென்று விசாரித்தவர் யார்? அவ்வூரில் பிள்ளையின் நலனைக் கவனிக்கும் பொறுப்பாளர் யார்? மருத்துவக் காப்பீடு உண்டா? வீடு ஒத்துவராவிடில் மாற்றித் தருவார்களா? இக்கேள்விகளைக் கேட்பது மரியாதைக் குறைவன்று; பெண் பிள்ளையாயினும் ஆண் பிள்ளையாயினும் இது பெற்றோரின் கடமை. விடை கூறத் தயங்கும் ஸ்தாபனத்திடம் பிள்ளையை ஒப்படைத்தல் தகாது. ‘சங்கடமாயிருந்தால் வாய்விட்டுச் சொல், அதனால் நமக்கு மானக்கேடு இல்லை’ என்ற உறுதியையும் பிள்ளைக்குத் தந்து அனுப்புக.

நம் வீட்டிற்கு வரும் விருந்தினர்

பரிமாற்றம் என்றால் இரு வழி. அயல்நாட்டுப் பிள்ளை நம் வீட்டிற்கு வரும்போது, வாளியும் குவளையும் கொண்டு குளிப்பது எப்படி, கொசுவலையைச் செருகுவது எப்படி, குடிக்கும் நீர் எது, புழங்கும் நீர் எது என்பவற்றை முதல் நாளே காட்ட வேண்டும். நமக்கு எளிதானது அவர்களுக்குப் புதிர்.

உபசாரத்திலும் அளவு வேண்டும். கேம்பிரிட்ஜில் இராமானுஜன் ஒருமுறை தாமே சமைத்து நண்பர்களுக்கு விருந்தளித்தார். இருமுறை பரிமாறியதை உண்டவர்கள் மூன்றாம் முறை வேண்டாம் என்றனர். அதனால் மனம் நொந்த அவர், சொல்லாமலே வெளியேறி ஆக்ஸ்போர்டுக்குச் சென்றுவிட்டார். வற்புறுத்துவது நமக்கு அன்பு. ‘போதும்’ என்பது அவர்களுக்கு முழுச் சொல். இதை இரு சாராரும் அறிந்தால் மனத்தாங்கலுக்கு இடமில்லை.

மாடி வீடுள்ளவர்தான் விருந்தேற்க வேண்டும் என்பதில்லை. ஒரு தூய படுக்கை, வேளைக்கு உணவு, நாள்தோறும் ஒரு விசாரிப்பு, இவை போதும். தறியோசை கேட்கும் வீட்டிலும், களத்து மேட்டை ஒட்டிய வீட்டிலும் அயல்நாட்டு இளைஞர் கற்றுச் செல்லத்தக்கன பல உண்டு. நம் பிள்ளைகளுக்கு அங்கே எத்தகைய வீடு அமைய விரும்புகிறோமோ, அத்தகைய வீட்டை இங்கு வருவோருக்கு நாம் அமைத்துக் கொடுப்போமாக.