மாசியில் வரும் இலையுதிர்காலம்

இலையுதிர்காலப் படம் என்றதும் பலருக்கு நினைவு வருவது காஷ்மீரத்துச் சினார் மரமோ, ஜப்பானிய மேப்பிளோதான். தமிழ்நாட்டு மரங்கள் வருஷம் பூராவும் ஒரே பச்சையாக நிற்கின்றன என்றுதான் பொதுவான நினைப்பு. ஒரே மரத்தை ஓராண்டு விடாமல் படமெடுப்பவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

இங்கே இலை உதிரக் காரணம் குளிர் அல்ல, வறட்சி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஓய்ந்ததும் மண் காயத் தொடங்குகிறது. இலைகளின் நுண்துளைகள் வழியே நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதைத் தடுக்க, பல மரங்கள் இலைகளையே உதறிவிடுகின்றன. வியப்பு அதன் பிறகுதான்: மழைக்குக் காத்திராமல், பங்குனி வெயிலிலேயே அவை துளிர்க்கின்றன. ஆழ வேர் எட்டும் நீரும், தண்டில் சேர்த்து வைத்த ஈரமும் அதற்குக் கைகொடுக்கின்றன.

தெருவோரப் புங்கமரத்தைப் பார்த்தாலே இது விளங்கும். தை மாதத்தில் அதன் இலைகளில் தூசி படிந்திருக்கும். பூச்சிகள் உள்ளே குடைந்து போன தடம் வெள்ளைக் கோடாக வளைந்து வளைந்து ஓடும். மாசியில் அவை கொட்டிவிட, லேசான செம்மையோடு தளிர் வரும். சில நாளில் எண்ணெய் தடவியது போல மினுங்கும் இளம்பச்சையாகும். சித்திரை வாக்கில் மரத்தடி முழுக்க வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ உதிர்ந்து கிடக்கும். மாதம் ஒரு படம் எடுப்பவருக்கு இந்த மாற்றங்களில் பாதி தப்பிவிடும். வாரம் ஒன்றாவது வேண்டும்.

அரசு, மா போன்றவற்றின் தளிரும் செம்பு நிறத்தில்தான் வருகிறது. பச்சையம் முழுதாகச் சேராத இளம் இலையை ஆந்தோசயனின் என்ற நிறமி கடும் வெளிச்சத்திலிருந்து காக்கிறது. மேலைநாட்டில் மரம் சிவப்பது இலையின் முடிவுக்காலத்தில், இங்கே பிறந்தவுடன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்க் ஹிர்ஷ் என்ற புகைப்படக்காரர் 2012 மார்ச்சில் தொடங்கி ஓராண்டு, சோளக்காட்டின் ஓரம் தனியாக நின்ற ஓர் ஓக் மரத்தைத் தினமும் ஐபோனில் படமெடுத்தார். அவை பின்னர் புத்தகமாயின. இதற்கு விலை உயர்ந்த கேமரா தேவையில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஒழுங்குதான் தேவை. ஒரே இடத்தில் நின்று, ஜூம் செய்யாமல், ஏறக்குறைய ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும். மின்கம்பமோ காம்பவுண்டு சுவரோ சட்டகத்துக்குள் இருந்தால் அடுத்த வாரம் அதே கோணத்தைப் பிடிப்பது சுலபம். உச்சி வெயிலில் தளிரின் மினுமினுப்பு வெளுத்துப் போகும். காலை வெயிலை இலைக்குப் பின்னால் வைத்து எடுத்தால் நரம்புகள்கூடத் தெளிவாகத் தெரியும். இலையே இல்லாமல் சிவக்கப் பூத்து நிற்கும் இலவமரத்தில் வேறு சிக்கல். பின்னால் இருக்கும் பளிச்சென்ற வானத்தைப் பார்த்து போன் வெளிச்சத்தைக் குறைத்துவிடும், பூ கருத்துவிடும். திரையில் பூவின் மேல் தொட்டு வெளிச்சத்தைச் சற்றே ஏற்றினால் சிவப்பு மீளும். தேன் குடிக்க வரும் மைனாக்களும் தெரியும்.

இப்படிச் சேரும் படங்களுக்கு அழகைத் தாண்டியும் மதிப்பு உண்டு. மாசசூசெட்ஸின் லோவெல் நகரக் கல்லறைத் தோட்டத்தில் 1868 மே 30 அன்று எடுத்த ஒரு படத்தில் மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. 2005-இல் அதே தேதியில் எடுத்த படத்தில் அதே இடம் இலை அடர்ந்து கிடக்கிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக்கும் அவருடைய குழுவினரும், தேதியிட்ட இத்தகைய பழைய படங்களை வைத்தே, வெப்பம் ஏற ஏறத் தாவரங்கள் முந்திப் பூப்பதை ஆராய்ந்தார்கள்.

நம் பக்கத்திலும் அந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. ஏப்ரல் நடுவில் வரும் விஷுவுக்குக் கணி வைக்கக் கொன்றைப்பூ வேண்டும். அது பண்டிகைக்கு முன்பே பூத்துவிடுகிறது என்ற பேச்சு கேரளத்தில் பல ஆண்டுகளாக உண்டு. இந்தியா முழுக்க நடக்கும் ‘சீசன்வாட்ச்’ திட்டத்தில் அந்த மாநிலத்துப் பள்ளிப் பிள்ளைகள் பெருமளவில் சேர்ந்து, ஆளுக்கொரு மரத்தைத் தேர்ந்துகொண்டு, இலை, பூ, காய் இருக்கிறதா, கொஞ்சமா நிறையவா என்று வாரந்தோறும் குறித்து வருகிறார்கள்.