மாமாவின் காரும் நாலு டிவிஷன் பெயின்ட்டும்



ஆண்டு மலருக்கு எழுதலாம் என்று ஒரு கவிதையோடுதான் போனேன். மலர்க்குழுவில் இருந்த சீனியர் அண்ணன், "டேய், கவிதை மட்டும் நாற்பது வந்திருக்கு. ஆட்டோமொபைல்தானே படிக்கிறே? உருப்படியா டெக்னிக்கலா ஏதாவது எழுது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். கவிதை தப்பித்தது, நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

என் மாமாவிடம் 2011 மாடல் கறுப்பு ஸ்விஃப்ட் ஒன்று இருந்தது. மகளின் காலேஜ் ஃபீஸுக்காக போன லீவில் அதை விற்க முடிவு செய்தார். இன்ஜின் நல்ல கண்டிஷன், டயர் நாலும் புதுசு. பார்க்க வந்தவர் தெருவிளக்கு எரிகிற நேரமாகப் பார்த்து வந்தார். பானெட் பக்கம் குனிந்தார். "என்ன சார், சிலந்திக்கூடு மாதிரி இருக்கு? பதினஞ்சாயிரம் குறைச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாமாவுக்கு முகம் சுண்டிப்போச்சு. முழு வண்டிக்கும் பெயின்ட் அடித்தால் செலவு அதைவிட அதிகம். போதாததற்கு, புது பெயின்ட்டைப் பார்த்தால் வாங்க வருகிறவன் ஆக்ஸிடென்ட் வண்டியோ என்று சந்தேகப்படுவான். "மாப்ளே, நீ படிக்கிறதே இதுதானே, ஏதாச்சும் பண்ணேன்" என்றார் மாமா.

சிலந்திக்கூடு என்று அவர் சொன்னதற்கு ஸ்விர்ல் மார்க் என்று பெயர். பார்த்தால் யாரோ வட்டம் வட்டமாகத் தேய்த்து வைத்த மாதிரி இருக்கும். உண்மையில் அங்கே வட்டமே கிடையாது! எல்லாத் திசையிலும் கிடக்கிற மெல்லிய கீறல்கள்தான். விளக்கின் பிம்பத்தைச் சுற்றி வளைகிற திசையில் உள்ள கீறல்கள் மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புகின்றன, மற்றவை வேறு பக்கம் அனுப்பிவிடுகின்றன. நம்பாதவர்கள் வீட்டில் பழைய எவர்சில்வர் தட்டை டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். டார்ச்சை நகர்த்தினால் வட்டமும் கூடவே நகரும்.

கீறல் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் எனக்குச் சங்கடமாக இருந்தது. மாமா தினமும் காலையில் காபி குடித்த கையோடு பழைய பனியன் துணியை எடுத்து, தண்ணீர் படாமல் வண்டியைத் துடைப்பார். ஒரு நாள் தவறியதில்லை. தெருத்தூசியில் இருக்கிற மணல் குவார்ட்ஸ், மோஸ் அளவில் அதன் கடினத்தன்மை 7. பெயின்ட் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஆக, காய்ந்த துணியில் ஒட்டிய தூசி தினமும் ஒரு உப்புத்தாள் வேலையைச் செய்திருக்கிறது. மெதுவாகச் சொன்னேன். "அப்ப நான்தான் கெடுத்தேன்கிறே" என்றார். அத்தை உள்ளேயிருந்து, "கண்ணாட்டம் பாத்துக்கிட்ட வண்டிடா அது" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். பாலிஷ் போட்டால் கீறல் நிரம்பிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். நிரம்பாது. கீறலின் அடிமட்டம் வரைக்கும் சுற்றியுள்ள பெயின்ட்டைத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். நம் மெட்டலர்ஜி லேபில் ஸ்பெசிமனை 1/0, 2/0, 3/0, 4/0 எமரி பேப்பரில் வரிசையாகத் தேய்த்து, கடைசியில் டிஸ்க்கில் அலுமினா போட்டு மினுக்குகிறோமே, அதே வேலைதான் இதுவும். கார் காம்பவுண்டிலும் பெரும்பாலும் அலுமினியம் ஆக்ஸைடு தூள்தான் இருக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஸ்பெசிமனை எவ்வளவு தேய்த்தாலும் அடியில் இரும்பு இருக்கிறது. காரில் அப்படி இல்லை. தகட்டின் மேல் துருப்பிடிக்காமல் இருக்க ஒரு கோட், அதன் மேல் பிரைமர், பிறகு கலர், அதற்கும் மேலே நிறமே இல்லாத க்ளியர் கோட். எல்லாம் சேர்ந்தே சுமார் 100 முதல் 140 மைக்ரான். அதாவது ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் கனம், கூடப் போனால் ஒன்றரை. அதில் க்ளியர் கோட் மட்டும் 40, 50 மைக்ரான். மைக்ரோமீட்டர் பிடித்தவர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன்: லீஸ்ட் கவுண்ட் 0.01 மி.மீ., அப்படியென்றால் திம்பிளில் நாலைந்து டிவிஷன்! நம் கைவசம் உள்ள சொத்து அவ்வளவே. ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் அதிலிருந்து எடுத்துத்தான் செலவழிக்கிறோம். வெயிலின் புற ஊதாக்கதிரைத் தடுப்பதும் இந்தக் க்ளியர்தான். ரொம்ப மெலிந்தால் பின்னால் வெள்ளை வெள்ளையாக உரியும்.

(பழைய அம்பாஸடர் மாதிரி வண்டிகளில் க்ளியர் இல்லாத ஒரே கலர் பெயின்ட் இருக்கலாம். ஒதுக்குப்புறமான இடத்தில் வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வண்டியின் நிறம் வந்தால் அந்த ரகம்.)

வேலைக்கு நிழல் வேண்டும், தகடு சூடில்லாமல் இருக்க வேண்டும். முதலில் ஷாம்பு போட்டு மேலிருந்து கீழாகக் கழுவினேன். பக்கெட் இரண்டு, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்று துணியை அலசுவதற்கு. கழுவின பிறகும் கையால் தடவினால் சொரசொரவென்று இருந்தது. சோப்புத் தண்ணீர் தெளித்து க்ளே பாரால் தேய்த்து அதை எடுத்தேன். ரப்பர், பிளாஸ்டிக், ஓரங்கள், மடிப்புகள் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். மடிப்பில் பெயின்ட் மெல்லிசாக இருக்கும், பேடின் அழுத்தமும் முழுக்க அந்த ஒரு கோட்டில்தான் விழும்.

பிறகு இரண்டடிக்கு இரண்டடி ஒரு கட்டம். மென்மையான பேட், மெல்லிய பாலிஷில் ஆரம்பித்து, போதவில்லை என்றால் மட்டும் ஒரு படி கரடானதுக்குப் போக வேண்டும். லேபில் கரடிலிருந்து நைஸுக்குப் போகிறோம், இங்கே சோதனை பார்ப்பது தலைகீழ். கட்டம் ஒன்றுக்கு பட்டாணி அளவில் நாலு சொட்டு. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து காசு போட்டு வாங்கிய ரேண்டம் ஆர்பிடல் பாலிஷரை குறுக்கும் நெடுக்குமாக, பாதிக்குப் பாதி மேலேறும்படி மெதுவாக ஓட்டினேன். துடைத்துவிட்டு, தண்ணீர் கலந்த ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைப்பது முக்கியம். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலில் உட்கார்ந்துகொண்டு எல்லாம் போய்விட்ட மாதிரி ஏமாற்றும். இரண்டு வாஷில் வேஷம் கலைந்துவிடும். நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலைத் தொடவே தொடாதீர்கள், அது போகும்போது க்ளியரும் போய்விடும்.

இரண்டு நாளில் கூரை, கதவு, டிக்கி எல்லாம் முடிந்தது. கறுப்பில் என் மூஞ்சி தெரிந்தது. பானெட் மட்டும் பாக்கி. அங்கேதான் எனக்குப் பொறுமை போயிற்று. தெரிந்த பெயின்டர் ஷெட்டிலிருந்து ரோட்டரி மெஷினும் உல்லன் பேடும் வாங்கி வந்தேன். ஆர்பிடலில் பேட் சுற்றிக்கொண்டே தள்ளாடும், அழுத்தினால் நின்றுவிடும். ரோட்டரி நிற்காது, ஒரே அச்சில் சுற்றி ஒரே இடத்தில் சூடேற்றும். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இடது பக்க மடிப்பின் மேல் ஒட்டிய டேப் பிய்ந்து பறந்ததைக் கவனிக்கவில்லை. மெஷினை நிறுத்திப் பார்த்தால் வெள்ளைப் பேடில் கறுப்பு.

க்ளியர் இருக்கும் வரை பேடில் நிறம் வராது. வந்தால் க்ளியர் போயே போச்சு என்று அர்த்தம். மடிப்பில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மங்கலாக ஒரு திட்டு. விரலால் தொட்டேன், சுட்டது.

மாமா வந்து பார்த்தார். "எவ்வளவு பெரிசுடா?" என்றார். காட்டினேன். "சரி, மிச்சத்தை முடி" என்றார். மிச்சத்தை ஆர்பிடலில் முடித்து, வாக்ஸ் போட்டேன்.

அடுத்த வாரம் அதே ஆள், அதே தெருவிளக்கு நேரம். குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், சிலந்திக்கூடு என்ற பேச்சே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். மாமாதான் அவரைக் கூப்பிட்டு, மடிப்பில் விரலை வைத்து, "இது எங்க மாப்ளே பண்ணது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். பதினைந்தாயிரத்துக்குப் பதில் நாலாயிரம் குறைத்தார்கள். ஃபீஸ் கட்டியாயிற்று.

இப்போது மாமாவிடம் ஒரு ஸ்கூட்டர் இருக்கிறது. பனியன் துணியை நனைத்துத்தான் துடைக்கிறார் என்று அத்தை போனில் சொன்னார். ஆர்பிடல் பாலிஷர் எங்கள் ரூமில்தான் இருக்கிறது. வேண்டுகிறவர்கள் பேடும் காம்பவுண்டும் சொந்தமாகக் கொண்டு வந்தால் சனி, ஞாயிறுகளில் தருகிறோம். ரோட்டரி மட்டும் கேட்காதீர்கள்.